அந்தக் காலத்திலும் சண்டைதான் போட்டார்கள்

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாளாக இருந்தேன். வீடியோ எல்லா குரூப்பிலும் சுற்றிவிட்டது. "மேடம், நல்லா போய்க்கிட்டிருந்த கூட்டத்தை ஏன் கெடுத்தீங்க?" என்று இன்பாக்ஸில் கேட்பவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

அமெரிக்காவை உருவாக்கியவர்கள் கட்சி பார்க்காத பெரிய மனிதர்கள், நாட்டுக்காக ஒரே குரலில் நின்றவர்கள், கட்சிக் காழ்ப்பு எல்லாம் பின்னால் வந்த சீரழிவு என்றார் பேச்சாளர். அது சரியில்லை என்று எழுந்து சொன்னேன். அவ்வளவுதான். "உட்காருங்கம்மா, இது கட்சி மேடை இல்ல" என்று கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டார்கள். 26 வருஷம் வரலாறு எடுத்திருக்கிறேன். கேள்வி கேட்ட ஒரு பிள்ளையையும் நான் அப்படி உட்கார வைத்ததில்லை.

வாஷிங்டனின் முதல் அமைச்சரவையிலேயே சண்டை தொடங்கிவிட்டது. நிதிக்கு ஹாமில்டன், வெளியுறவுக்கு ஜெபர்சன். 1791-இல் தேசிய வங்கி வேண்டும் என்றார் ஹாமில்டன். அரசியல் சட்டத்தில் அதற்கு இடமே இல்லை என்றார் ஜெபர்சன். ஹாமில்டனுக்கு ஆதரவாக ஜான் ஃபென்னோவின் பத்திரிகை இருந்தது. பதிலுக்கு ஜெபர்சன் என்ன செய்தார் தெரியுமா? பிலிப் ஃப்ரெனோ என்ற கவிஞரை வருஷம் 250 டாலர் சம்பளத்தில் தன் துறையிலேயே மொழிபெயர்ப்பாளராகச் சேர்த்துக்கொண்டார். அந்த அக்டோபரிலேயே ஃப்ரெனோ 'நேஷனல் கெஜட்' பத்திரிகையைத் தொடங்கி, அரசாங்கச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு அரசாங்கத்தை வெளுத்து வாங்கினார். இதுதான் அந்த ஒரே குரல்!

வாஷிங்டனே கட்சி உணர்ச்சி ஆபத்து என்று எச்சரித்தாரே என்று கேட்கிறீர்கள். எச்சரித்தார், 1796 செப்டம்பர் 19-ஆம் தேதி வெளியான விடைபெறும் கடிதத்தில். அந்தக் கடிதத்தின் வரைவைப் பெரும்பகுதி எழுதிக்கொடுத்தவர் ஹாமில்டன். அப்போது ஆட்சியிலிருந்த பெடரலிஸ்ட் கட்சியின் மூளையே அவர்தான். இதைச் சொன்னால் வாஷிங்டனை அவமதிப்பதாக எப்படி ஆகும்? கட்சியே வேண்டாம் என்ற குரல் அப்போது எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று பாருங்கள் என்கிறேன். நாற்காலியில் இருந்தவர்கள் பக்கத்திலிருந்து வந்தது. அவர்கள் தங்களைக் கட்சி என்றே நினைக்கவில்லை. தாங்கள்தான் நாடு என்று நினைத்தார்கள். அப்படியானால் எதிரே நிற்பவன் யார்? துரோகி.

அது வெறும் பேச்சோடு நிற்கவில்லை. 1798 ஜூலை 14-ஆம் தேதி, வாஷிங்டனுக்கு அடுத்து வந்த பெடரலிஸ்ட் அதிபர் ஜான் ஆடம்ஸ் தேசத்துரோகச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அதிபரையும் காங்கிரஸையும் (அங்கே நாடாளுமன்றத்துக்கு அதுதான் பெயர்) அவதூறாக எழுதினால் 2 வருஷம் வரை சிறை, 2,000 டாலர் வரை அபராதம். துணை அதிபரை மட்டும் யாரும் எப்படியும் திட்டலாம். ஏனென்றால் துணை அதிபர், எதிரணியின் ஜெபர்சன். சட்டம் காலாவதியாகும் நாள் 1801 மார்ச் 3, ஆடம்ஸ் பதவிக்காலத்தின் கடைசி நாள். அதாவது ஆட்சி கைமாறினால் அந்தக் கத்தி தங்கள் மேல் பாயக்கூடாது என்று தேதி போட்டே எழுதியிருக்கிறார்கள். இதையும் ஒற்றுமை என்று மேடையில் சொன்னால் நான் எப்படிச் சும்மா உட்கார்ந்திருப்பேன்?

நியூஜெர்சியில் நியூவார்க் ஊரில் அதிபர் வந்தபோது பீரங்கி மரியாதை நடந்தது. லூதர் பால்ட்வின் என்ற சாதாரண ஆள், போதையில், குண்டு அதிபரின் பின்புறத்தில் பட்டாலும் தனக்குக் கவலையில்லை என்றார். அதற்கு வழக்கு, அபராதம். வெர்மான்ட்டின் காங்கிரஸ் உறுப்பினர் மேத்யூ லயன், ஆடம்ஸ் ஆடம்பரத்துக்கு அலைகிறார் என்று பத்திரிகைக்கு எழுதினார். 4 மாதம் சிறை, 1,000 டாலர் அபராதம். உள்ளே இருக்கும்போதே அவர் தொகுதி மக்கள் அவரை மறுபடியும் ஜெயிக்க வைத்தார்கள்.

அந்தச் சட்டத்தில் உண்மையை நிரூபித்தால் தண்டனை இல்லை என்று இருந்ததே என்று ஒரு வக்கீல் நண்பர் கேட்பார். இருந்தது. அதிபருக்கு ஆடம்பர ஆசை என்பது ஒருவருடைய கருத்து. அதை எந்தச் சாட்சியைக் கூண்டில் ஏற்றி நிரூபிப்பது?

ஜெபர்சன் மட்டும் யோக்கியமா என்று கேட்டால், இல்லை. ஆடம்ஸை அசிங்கமாகத் திட்டி எழுதிய ஜேம்ஸ் காலெண்டர் என்ற பத்திரிகையாளருக்குப் பணம் கொடுத்தவர் அவர். சுதந்திரம் சுதந்திரம் என்றவரின் தோட்டத்தில் அடிமைகள் வேலை செய்தார்கள். அந்த அடிமைகளுக்கு ஓட்டு கிடையாது. ஆனால் ஐந்து பேரை மூன்று பேராகக் கணக்கெடுத்து, அந்தத் தலைக்கணக்கில் தென் மாநிலங்கள், அதிபரைத் தேர்ந்தெடுக்க ஒவ்வொரு மாநிலத்துக்கும் உள்ள தேர்தல் ஓட்டில் கூடுதல் பங்கு வாங்கின. 1800-இல் ஜெபர்சன் ஜெயித்ததில் அந்தக் கூடுதலுக்கும் பங்கு உண்டு. இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் வகுப்பில் எனக்குக் குரல் அடைத்துவிடும். இதற்கு என்னிடம் சமாதானம் எதுவும் இல்லை. பெடரலிஸ்டுகள் கேட்ட கேள்விகளிலும் நியாயம் இருந்தது என்பதற்காகத்தான் சொல்கிறேன். இரண்டு பக்கமும் இருந்ததால்தான் இரண்டு பக்கத்துக் கறையும் வெளியே வந்தது.

ஜெபர்சன் 1797-இல் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், ஆயுசு முழுக்கப் பழகியவர்கள்கூடத் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்ல வேண்டியிருக்குமே என்று தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்கள் என்கிறார். படித்தபோது எனக்கு எங்கள் அப்பாதான் ஞாபகம் வந்தார். அப்பா ஒரு கட்சி, பெரியப்பா ஒரு கட்சி. பெரியப்பா வீடு எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி. அவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் அப்பா சைக்கிளைப் பின்சந்துக்குத் திருப்பிவிடுவார். "அந்தப் பக்கம் குழிம்மா" என்பார் கேரியரில் உட்கார்ந்திருக்கும் என்னிடம். குழியெல்லாம் ஒன்றும் கிடையாது. எனக்கு எட்டு வயசு, எனக்கே தெரியும். ஆனால் டீக்கடையில் ஒருத்தன் அப்பாவைத் துரோகி என்று சொன்னபோது, கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்தது பெரியப்பாதான். "அவன் இருக்கிற கட்சிதான்டா தப்பு. துரோகின்னே, பல்லு இருக்காது" என்றாராம். அப்பா சாகும்வரை இதைச் சொல்லிச் சொல்லிக் கண் கலங்குவார்.

இதைத்தான் அன்றைக்குச் சொல்ல வந்தேன். சண்டை போடுவது வேறு, துரோகி என்பது வேறு.

அப்படியானால் வெறுப்புப் பேச்சு சரியா என்கிறீர்கள். சரி என்று நான் எங்கே சொன்னேன்? 1804-இல் பதவியிலிருந்த துணை அதிபர் பர், ஹாமில்டனைச் சுட்டே கொன்றார். அதையும் நான்தான் பாடம் நடத்தினேன். ஆனால் 1801-ஐ யாரும் பேசுவதில்லை. 1800 தேர்தலில் ஜெபர்சனுக்கும் அவர் அணியிலேயே நின்ற பர்ருக்கும் தலா 73 தேர்தல் ஓட்டு. முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போய், பிப்ரவரி 11 முதல் 17 வரை 36 முறை ஓட்டெடுத்தார்கள். கடைசி முறை, வெர்மான்ட்டின் பெடரலிஸ்ட் உறுப்பினர் ஒதுங்கிக்கொள்ள, அந்த மாநிலத்தின் ஓட்டை ஜெபர்சனுக்குப் போட்டது யார் தெரியுமா? சிறைக்குப் போய்வந்த அதே மேத்யூ லயன். பதவியேற்பு நாளில் ஆடம்ஸ் விடியற்காலை 4 மணிக்கே வண்டியேறிப் போய்விட்டார். விழாவுக்கு நிற்கவில்லை, கைகுலுக்கவில்லை. மனசு நொந்துதான் போனார். ஆனால் போனார்.

லயன் கட்டிய அபராதத்தை 1840-இல் காங்கிரஸ் அவருடைய வாரிசுகளிடம் திருப்பிக் கொடுத்தது. அவர் செத்து 18 வருஷம் ஆகியிருந்தது.

எனக்கு யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டாம். என்னை "எந்தக் கட்சி அனுப்பின ஆளு" என்று கமெண்டில் கேட்டவர்களில் இரண்டு பேர் என்னிடம் படித்தவர்கள். அதுதான் தூங்கவிடவில்லை. அடுத்த மாதக் கூட்டத்துக்கும் வருவேன். மூன்றாவது வரிசையில் அதே நாற்காலியில் உட்காருவேன். கேள்வி நேரம் வந்ததும் கை தூக்குவேன்.