செப்பாக்கத்துக்கு வெளியுலகம் எப்பவோ வந்தாச்சு

அந்த வீடியோவை ஆளாளுக்கு எனக்கு அனுப்பிட்டீங்க. பார்த்தாச்சு. இனிமே அனுப்பாதீங்க, புண்ணியமாப் போகும்.

"சென்னைக்குப் பக்கத்துல வெளியுலகமே எட்டிப் பார்க்காத கிராமம்"னு சோக மியூசிக் போட்டு செப்பாக்கத்துக்கு மேல டிரோன் விட்ட தம்பி, பார்க்க நல்ல பையனாத்தான் தெரியுறார். வெயில்ல கஷ்டப்பட்டுத்தான் எடுத்திருக்கார். ஆனா தம்பி, டிரோன் மேல ஏறினதும் சாம்பல் கலர்ல பரந்து கிடந்துச்சே, "ஏதோ பாலைவனம் போல"ன்னு சொன்னீங்களே, அதுதான் நீங்க தேடின வெளியுலகம். வடசென்னை அனல்மின் நிலையத்தோட சாம்பல் குளம். எட்டிப் பார்க்காம எல்லாம் இல்லை. வந்து, ஊரைச் சுத்தி நல்லா சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கு.

அந்தப் பக்கம் 1994ல முதல் யூனிட் ஓட ஆரம்பிச்சுது. 2001ல எண்ணூர் துறைமுகம் திறந்தாங்க, அதுவும் முக்கியமா கரி இறக்கத்தான். ஒடிசாவுல வெட்டுற கரி கப்பல் ஏறி வந்து இங்க எரியுது. மிச்சச் சாம்பலை உப்புத்தண்ணியில கரைச்சு பைப்புல குளத்துக்கு அனுப்புறாங்க. பைப் ஒழுகினா கொசஸ்தலை ஆத்துக்குப் போகும். இது பத்தாதுன்னு 2024ல 800 மெகாவாட்டுக்கு இன்னொண்ணும் திறந்தாச்சு. ஒடிசா வரைக்கும் சம்பந்தம் உள்ள ஊரைப் போய் தனித்தீவுன்னு சொன்னா சிரிப்பு வருமா, கோவம் வருமா?

எங்க அத்தையைக் கட்டிக் கொடுத்தது அங்கதான். அந்த வீட்டுல தட்டு வெச்சா முதல்ல முந்தானையால ஒரு துடை. சோறு போட்டதும் மேல இன்னொரு தட்டைக் கவுத்துடும். கை போற அளவுக்கு மட்டும் நகர்த்திச் சாப்பிடணும், கதை பேசிக்கிட்டு திறந்து வெச்சா திட்டு விழும். வெள்ளைச் சட்டையில போனா மாமா, "வாடா மாப்ள, கலர் மாத்தி அனுப்புறோம்"ம்பாரு. குளம் காய்ஞ்சு காத்தடிச்சா குடத்துத் தண்ணியில படலம் மிதக்கும். மழை வந்தா பறக்காதேன்னு சந்தோஷப்படவும் முடியாது, சாம்பத்தண்ணி தெருவுக்குள்ள வந்துடும்.

வந்தவங்க எல்லாருக்கும் அத்தை டீ போட்டுக் கொடுத்திருக்கு. அதிகாரிங்க, எல்லாக் கட்சிக்காரங்களும், காலேஜ் பசங்க, டிவிக்காரங்க, பசுமைத் தீர்ப்பாயத்துல கேஸ் போனப்புறம் ஆய்வுன்னு வந்தவங்க. தெருவுல ஜீப் நின்னா போதும், எனக்கு போன் வரும். "இந்த வாட்டி ஏதோ நடக்கும் போல இருக்குடா." உங்க டிரோன் வந்த அன்னிக்கும் வந்துச்சு தம்பி. அதே குரல், அதே "போல இருக்கு". அந்த நம்பிக்கையைக் கேக்கும்போதுதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது. உங்க மேல இல்லை. சரி, கொஞ்சம் உங்க மேலயும்தான்.

"அப்போ வீடியோவே எடுக்கக் கூடாதா?"ன்னு கேப்பீங்க. எடுங்க, தாராளமா. ஊர் என்ன கேக்குதுன்னு ஒரு வரி சேர்த்து எடுங்க. மாற்று இடம் கொடுங்க, எல்லாரையும் ஒண்ணா வைங்கன்னு வருஷக்கணக்கா கேக்குறாங்க. பதினாறு நிமிஷ வீடியோவுல அது வரவே இல்லை. ஒரு ஆயா அழுறது மட்டும் ரெண்டு தடவை வந்துச்சு, ஒண்ணு ஸ்லோ மோஷன்ல.

"கரண்ட் வேணாமா?" வேணும் சார். உங்க ஏசி ஓடட்டும்.

"வேலை கொடுத்தாங்களே?" சிலருக்குக் கிடைச்சுது, இல்லைன்னு சொல்லல. கான்ட்ராக்ட்ல. அதுக்கு மேல இதைப் பேச எனக்கு இஷ்டமில்லை.

இன்னொரு கமெண்ட்டைத்தான் என்னால தாண்ட முடியல. "அவ்ளோ கஷ்டம்னா காலி பண்ணிட்டுப் போக வேண்டியதுதானே, சோம்பேறிங்க." ஆயிரத்துச் சொச்சம் லைக். எங்க போறது? சாம்பல் குளத்துக்குப் பக்கத்து வீட்டை எவன் வாங்குவான், நீங்க வாங்குவீங்களா? மாடு வெச்சிருக்கிறவன் மாட்டை எந்த வாடகை வீட்டு மாடியில கட்டுவான்? அத்தை மகனுக்குப் பொண்ணு பார்க்கப் போனா, ஊர்ப்பேரைக் கேட்டதும் "அப்புறம் சொல்லி அனுப்புறோம்"னு காபியோட அனுப்பிடுறாங்க. போறவங்க போயிட்டாங்கதான். மிச்சம் இருக்கிறவங்க சோம்பேறியா இல்லை, வழியில்லாம இருக்காங்க.

செப்பாக்கத்தை விடுங்க, எண்ணூர்ல இருக்கிற எங்களையே எடுத்துக்கங்க. 2023 டிசம்பர்ல புயல் மழையோட எண்ணெய் வந்து எண்ணூர் ஆறு கறுத்துச்சு, வலையெல்லாம் நாசம். அதே மாசம் 26ஆம் தேதி ராத்திரி பெரியகுப்பத்துல அமோனியா வாயு கசிஞ்சுது. சுனாமி வந்த தேதி அது, காலையிலதான் கடற்கரையில பால் ஊத்திட்டு வந்திருந்தோம். ராத்திரி கண்ணு எரிய, மூச்சு முட்ட, பிள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு எந்தப் பக்கம் காத்து அடிக்குதுன்னு தெரியாம ஓடினோம். அடுத்த நாள் தென்சென்னை நண்பர் ஒருத்தர் போன்ல ரொம்ப அக்கறையாத்தான் கேட்டார், "நீங்கல்லாம் ஏன் இன்னும் அந்த ஏரியாவுலயே இருக்கீங்க?" நாங்க அந்த ஏரியாவுல இருக்கிறோம். அதெல்லாம்தான் எங்க ஏரியாவுக்கு வந்துச்சு.

கீழ வந்து "கிளம்பிப் போக வேண்டியதுதானே"ன்னு யார் எழுதினாலும் பிளாக் பண்ணிடுவேன். சொந்தக்காரங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.