நிரபராதியை மெஷின் காப்பாற்றுமா?

தப்பு செய்யாதவர் உண்மை கண்டறியும் சோதனைக்குத் தயங்காமல் ஒத்துக்கொள்ளலாம், மெஷினே அவரை விடுவித்துவிடும் என்று இங்கே சிலர் சொல்லியிருக்கிறீர்கள். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறீர்கள், ஆனால் அது சரியில்லை.

இந்தச் சோதனைக்குப் பயன்படுத்தும் மெஷினான பாலிகிராஃப் பொய்யை அளப்பதில்லை. நெஞ்சைச் சுற்றிய குழாய் மூச்சையும், கையில் கட்டிய பட்டை ரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும், விரலில் மாட்டிய தகடுகள் வியர்வையையும் பதிவு செய்கின்றன, அவ்வளவுதான். "பணத்தை நீ எடுத்தாயா?" என்று கேட்டதும் எடுத்தவனுக்கும் படபடக்கும், வீண்பழி விழுந்துவிடுமோ என்று பயப்படுகிறவனுக்கும் படபடக்கும். எது எதனால் என்று மெஷின் வரையும் கோடுகளுக்குத் தெரியாது, எதிரே உட்கார்ந்திருப்பவர்தான் ஊகிக்கிறார்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 2003இல் வெளியிட்ட பாலிகிராஃப் அறிக்கை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதன் சுருக்கப் பகுதியில் ஒரு கற்பனைக் கணக்கு: 10,000 ஊழியர்களில் 10 பேர் உளவாளிகள். அவர்களில் 8 பேர் சிக்கும் அளவுக்குச் சோதனையைக் கடுமையாக வைத்தால், கூடவே சுமார் 1,600 நிரபராதிகளும் தோற்கிறார்கள் (அதுவும் சோதனையின் துல்லியத்துக்குத் தாராளமாகவே மதிப்பெண் கொடுத்துப் போட்ட கணக்கு). மறுபக்கம், சோவியத்துக்கு உளவு பார்த்த சிஐஏ அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1986இலும் 1991இலும் இதே சோதனையில் தேறினார். அமெரிக்க செனட் குழுவின் 1994 அறிக்கையில் அது இருக்கிறது.

அதனால் யாராவது சோதனைக்குக் கூப்பிட்டால், தலையாட்டுவதற்கு முன்னால் ஒரு வக்கீலிடம் பேசிவிடுங்கள்.