ஜென்னா, சான்ட்ரோவா? பின் சீட்டில் உட்காருபவரைக் கேளுங்கள்

பழைய சின்ன கார் ஒன்று வாங்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால் போதும், "கண்ணை மூடிக்கிட்டு ஜென் எடு" என்று நாலு பேர் வந்துவிடுவார்கள். கவனித்துப் பாருங்கள், சொல்பவர் எப்போதும் வண்டி ஓட்டுகிறவராகத்தான் இருப்பார். பின்னால் உட்கார்ந்து வந்தவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

1993இல் வந்த மாருதி ஜென் ஓட்டுவதற்கு அருமையான வண்டி, அதை மறுக்கவில்லை. 993 சிசி அலுமினிய எஞ்சின், வெறும் 50 குதிரைத்திறன். ஆனால் வண்டியின் எடையே ஏறக்குறைய முக்கால் டன்தான் என்பதால் மிதித்ததும் பறக்கும். கியர் வெண்ணெயாக விழும். வளைவில் தரையோடு ஒட்டிக்கொண்டு திரும்பும்.

1998இல் ஹூண்டாயின் சான்ட்ரோ வந்தபோது அந்த உயரத்தைப் பார்த்துக் கிண்டல் செய்தவர்கள் நிறைய. சென்னைக்குப் பக்கத்தில், நம்ம இருங்காட்டுக்கோட்டையில் செய்த வண்டிதான். நீளத்தில் இரண்டும் சுமார் மூன்றரை மீட்டர், உயரத்தில்தான் சான்ட்ரோ அரை அடி கூட. என்னைக் கேட்டால் வழக்கே அந்த அரை அடியில் முடிந்துவிடுகிறது. முட்டிவலி உள்ள அம்மாவை ஜென்னின் பின் சீட்டில் ஏற்றி இறக்கிப் பாருங்கள், புரியும். குனிந்து, உடம்பைச் சுருக்கி, கிட்டத்தட்ட விழுந்துதான் உட்கார வேண்டும். இறங்கும்போது ஒருவர் கை கொடுக்க வேண்டும். சான்ட்ரோவில் அந்தப் பாடு இல்லை. சேலை கட்டியவர்கள்கூட அப்படியே திரும்பி உட்கார்ந்துவிடலாம்.

சான்ட்ரோவிடம் குறை இல்லையா? இருக்கிறது. நெடுஞ்சாலையில் பக்கக்காற்று அடித்தால் ஆடும். முதலில் வந்த 999 சிசி எஞ்சின் ஏசி போட்டால் கொஞ்சம் திணறும். அதனால் 2003 முதல் வந்த, 1086 சிசி உள்ள சான்ட்ரோ ஜிங் மாடலைப் பாருங்கள். எஞ்சினின் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றினார்கள் என்று கட்டாயம் கேளுங்கள், அறுந்தால் எஞ்சினுக்கே ஆபத்து. அப்புறம் எந்த வண்டியானாலும் கால்மிதியைத் தூக்கித் துரு பாருங்கள். பெயிண்டைப் பார்த்து மயங்க வேண்டாம்.

தனி ஆள், ஞாயிற்றுக்கிழமை ஏலகிரி ஏறி இறங்க வேண்டும், அவ்வளவுதான் என்றால் சரி, ஜென்னே எடுங்கள். பெட்ரோல் ஜென். டீசல் பக்கம் மட்டும் போகாதீர்கள். அதில் இருப்பது பிரெஞ்சு கம்பெனியான பெஜோவின் எஞ்சின், பாகம் தேடியே செருப்பு தேயும்.