அது தீவனம் இல்லை, அண்ணா

வெள்ளிக்கிழமை ராத்திரி நான் போட்ட சாப்பாட்டுத் தட்டின் படத்தையும், அதன் கீழே வந்த அந்த ஒரு வரியையும் உங்களில் நிறைய பேர் பார்த்திருப்பீர்கள். அதை இங்கே திரும்ப எழுத மனசு வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். "மாட்டுக்குத் தவிடு கரைச்சு வெச்ச மாதிரி இருக்கு. இதுக்கா இவ்வளவு தூரம் வண்டி ஓட்டிட்டுப் போனீங்க?" எழுதியது நாம் எல்லோரும் மதிக்கிற ஒரு அண்ணன். அதற்கு 43 பேர் சிரித்திருக்கிறார்கள். அந்த 43-இல் என் வீட்டில் வந்து சாப்பிட்டவர்களும் இருக்கிறார்கள். இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை.

அது தீவனம் இல்லை. சாப்பாடு.

நியூ ஜெர்சி எடிசனிலிருந்து தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனுக்கு 700 மைலுக்கு மேல். விடிகாலை 4 மணிக்குக் கிளம்பினோம். கல்யாணமாகி பதினோரு வருடத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் போகிற முதல் நீண்ட பயணம். வழக்கம்போலப் புளிசாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல் எல்லாம் கட்டிக்கொண்டேன். வாஷிங்டனைச் சுற்றிக் கடக்கும்போதே வாகன நெரிசலில் ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. ரிச்மண்ட் தாண்டி ஒரு ஓய்விடத்தில் புளிசாதம் தீர்ந்தது. தென் கரோலினாவுக்குள் நுழைந்து, மேரியன் ஏரிப் பாலத்தைக் கடந்ததும் சாலையோரத்தில் ஒரு அட்டைப் பலகை: அவித்த கடலை. வண்டியை நிறுத்தச் சொன்னேன். ஒரு பெரியவர் பெரிய அண்டாவிலிருந்து தோலோடு, உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட அள்ளி ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். எங்கள் வீட்டில் கடலை பிடுங்குகிற நாளில் சாயங்காலம் அவித்துக் கொட்டுவார்களே, அதே வாசம், அதே சூடு. அந்த மாநிலம் 2006-இல் அவித்த கடலையைத் தன் அதிகாரப்பூர்வ நொறுக்குத்தீனியாகவே அறிவித்திருக்கிறது. என் வீட்டுக்காரர் ஒரு கையால் ஓட்டிக்கொண்டே உரித்துத் தின்றார். நான் தோலைப் பொறுக்கிக்கொண்டே வந்தேன்.

சார்ல்ஸ்டன் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. விடுதியில் பையைப் போட்டுவிட்டு, பக்கத்துத் தெருவில் ஒரு கறுப்பினக் குடும்பம் நடத்துகிற சின்னக் கடைக்குப் போனோம். மொத்தமே ஏழெட்டு மேஜை. பரிமாறிய அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். என்னை "ஹனி" என்று கூப்பிட்டார். எங்கள் தருமபுரிப் பக்கம் யாரைப் பார்த்தாலும் "கண்ணு" என்போமே, அதே குரல்.

படத்தில் இருந்தது என்னவென்று இப்போதாவது கேளுங்கள். வெள்ளையாகக் கஞ்சி மாதிரி இருந்தது கிரிட்ஸ். மக்காச்சோளத்தைக் குருணையாக உடைத்து, அடி பிடிக்காமல் நின்று கிண்டி இறக்குவது. அந்த மண்ணின் பூர்வகுடிகள் சொல்லிக் கொடுத்த சமையல். அதன்மேல் இறால். ஓரத்தில் இருந்தது காலர்ட் கீரை, புகை போட்ட வான்கோழி எலும்போடு வேக வைத்தது. சிவப்பாக இருந்தது தக்காளி போட்ட சோறு. கிண்ணத்தில் வெண்டைக்காயும் தக்காளியும் போட்ட சூப்பு. ஒரு துண்டு சோளரொட்டி.

கீரையை முடித்துவிட்டு, தட்டில் நின்ற சாற்றை ரொட்டியால் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டேன். அந்த அம்மா பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். உள்ளே போய் ஒரு சின்னக் கோப்பை நிறைய அந்தச் சாற்றை மட்டும் சூடாகக் கொண்டுவந்து வைத்தார். பாட் லிக்கர் என்று அதற்குத் தனிப் பெயரே இருக்கிறது. காசு வாங்கவில்லை. அந்தக் கோப்பையும் படத்தில் இருக்கிறது, அண்ணா.

இவர் மன்னார்குடிக்காரர். சோறு என்றால் தனி கவனம். "இது என்ன அரிசி?" என்று கேட்டார். அந்த அம்மா மேஜையருகே நின்றபடியே சொல்ல ஆரம்பித்தார். மறுநாள் அங்கே அருங்காட்சியகத்தில் மீதியைப் பார்த்தோம். ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்து இறக்கிய அதே கேட்ஸ்டன் துறையில் 2023-இல் அதைத் திறந்திருக்கிறார்கள். சார்ல்ஸ்டனின் மாளிகைகளில் பெரும்பங்கு நெல்லில் வந்த பணம். நெல் விளைகிற மேற்கு ஆப்பிரிக்கக் கரையோர மக்களைத் தேடித் தேடி வாங்கினார்கள் பண்ணைக்காரர்கள். அந்த மக்கள்தான் சதுப்பு நிலத்தில் கரை போட்டு, மரத்தில் மதகு வைத்து, கடல் ஏற்றத்தில் ஆறு பொங்கும்போது வயலுக்குத் தண்ணீர் கட்டினார்கள். அந்த மதகுப் படத்தின் முன்னால் இவர் வெகுநேரம் நின்றார். முழு அரிசி கப்பலேறிவிடும். உடைந்த நொய் அடிமைகளுக்கு.

நொய். எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

நான் கேழ்வரகுக் களி தின்று வளர்ந்தவள். நொய்யை வேகவிட்டு, மாவைப் போட்டு, பானையை இரண்டு காலாலும் பிடித்துக்கொண்டு துடுப்பால் கிண்டுவாள் அம்மா. கூட அவரைக்கொட்டைக் குழம்போ கீரைக் கடைசலோ இருக்கும். ஆறாவது படிக்கும்போது மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒருநாள் களி கொண்டுபோனேன். பக்கத்தில் இருந்தவள் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "என்னடி இது, எருமைக்கு வைக்கிறதா?" என்றாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அதற்கப்புறம் களி கொண்டு போகவும் இல்லை. இதைவிட மோசம், வீட்டுக்கு யாராவது வந்தால் அம்மா களிப்பானையைத் துணி போட்டு மூடி உள்ளறைக்கு நகர்த்துவாள். நெல்லுச்சோறு ஆக்கினால்தான் மரியாதை. அவள் அப்படி நகர்த்தும்போது அவள் முகத்தைப் பார்த்தவள் நான். அதனால்தான் வெள்ளிக்கிழமை அந்த வரியைப் படித்தபோது கை நடுங்கியது.

"விளையாட்டுக்குச் சொன்னதை இப்படியா எடுத்துக்கொள்வது?" என்று உள்பெட்டியில் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அந்தப் பெண்ணும் விளையாட்டுக்குத்தான் சொன்னாள். முப்பது வருடமாகிறது, எனக்கு அந்த டப்பா மூடியின் நிறம்கூட ஞாபகம் இருக்கிறது.

"அதில் வெண்ணெயும் சர்க்கரையும் கொழுப்பும்தானே?" என்கிறார்கள். இருக்கிறது. அந்த இனிப்பு டீயை என்னால் பாதிகூடக் குடிக்க முடியவில்லை. சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கீரை, காராமணி, வெண்டைக்காய், சர்க்கரைவள்ளி இவையெல்லாமும் அதே சமையல்தான். வெண்டைக்காயும் காராமணியும் ஆப்பிரிக்காவிலிருந்து அவர்களோடு வந்தவை. கம்போ என்று அவர்கள் வைக்கிற கெட்டிக் குழம்பின் பெயரே வெண்டைக்காய்க்கான ஆப்பிரிக்கச் சொல்லில் இருந்து வந்தது. எள்ளுக்கு அவர்கள் சொல்லும் பென்னே என்ற பெயரும் ஆப்பிரிக்கச் சொல்தான். இன்றைக்கும் அந்த ஊரில் எள் பிஸ்கட்டை அந்தப் பெயரில்தான் விற்கிறார்கள். எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு கொடுத்த நொய்யையும் சோளமாவையும் வைத்து இப்படி ஒரு சமையலைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துத் தவிடு என்று சொல்ல நமக்கு எப்படி நாக்கு வருகிறது?

அப்புறம் இன்னொன்று. இங்கே அலுவலகத்தில் நம் சாம்பாரைச் சூடு பண்ணும்போது ஒருவர் மூக்கைப் பொத்தினால் நாம் எத்தனை நாள் புலம்புகிறோம்! போன வருடம் அப்படி ஒன்று நடந்து, வருத்தப்பட்டு இந்த அண்ணனே நீளமாக ஒரு பதிவு போட்டார். முதல் ஆளாக ஆதரவு சொன்னவள் நான். அவருக்கு ஒரு நியாயம், அந்தக் கடை அம்மாவுக்கு வேறு நியாயமா? அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, இந்த வரியை ஒருநாளும் படிக்கப் போவதில்லை என்பதால்தானே இவ்வளவு சுலபமாக வருகிறது?

நேற்று அம்மாவிடம் போனில் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "சோளக் களிதான், கொஞ்சம் தண்ணியா விட்டிருக்காங்க. கட்டி தட்டாம நல்லாக் கிண்டிருக்காங்க கண்ணு" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள், கூட என்ன தொட்டுக்க என்று. கீரை என்றேன். "அப்ப நம்மூடு மாதிரிதான்" என்றாள். இந்தக் கருத்தை நான் அவளுக்குப் படித்துக் காட்டவில்லை.

அழித்துவிடு, பெரிய ஆளோடு எதற்கு வம்பு என்கிறார் இவர். நான் அழிக்க மாட்டேன். உங்களை நட்பிலிருந்து நீக்கவும் மாட்டேன், அண்ணா. படம் அங்கேயேதான் இருக்கிறது. எழுதியவர் நீங்கள். எடுக்கிறதாக இருந்தால் நீங்களே எடுங்கள்.