சுகர் ஸ்ட்ரிப் வேற, ஆத்துத் தண்ணி வேற

அண்ணா, அடையாறு தண்ணில ஒரு ஸ்ட்ரிப்ப முக்குனா எந்தெந்த மாத்திரை கலந்திருக்குன்னு சுகர் மெஷின் மாதிரி காட்டிரும், லேபே வேணாம்னு போட்டிருக்கீங்க, இது பாதி தான் சரி. சுகர் ஸ்ட்ரிப்ல குளுக்கோஸ மட்டும் புடிக்கிற என்ஸைம் இருக்கு, அதோட ரத்தத்துல குளுக்கோஸ் ஒரு லிட்டருக்கு சுமார் 1 கிராம் கிடக்கு. ஆத்துல மருந்து மிச்சம் பெரும்பாலும் லிட்டருக்கு நானோகிராம், மைக்ரோகிராம் கணக்கு தான், அதாவது ரத்தத்துல இருக்குற குளுக்கோஸ விட பல லட்சம் மடங்கு கம்மி.

பாரசிட்டமால் ஸ்ட்ரிப்ல இருக்குற கார்பன் எலக்ட்ரோட்ல (கரண்ட் எடுக்குற முனை) ஈஸியா ஆக்ஸிடைஸ் ஆகும், அதாவது எலக்ட்ரான விட்டுக்குடுக்கும், அந்த கரண்ட்ட அளக்கலாம், உண்மை தான். ஆனா யூரிக் ஆசிட், வைட்டமின் சி எல்லாம் கிட்டத்தட்ட அதே வோல்டேஜ்ல வந்து நிக்கும், சாக்கடை கலந்த தண்ணில கேக்கவே வேணாம், எது எதோட சிக்னல்னு பிரிக்கிறதுக்குள்ள தாவு தீந்துரும், போதாக்குறைக்கு எலக்ட்ரோட் மேல அழுக்கு படிஞ்சு ரீடிங்கும் இறங்கிட்டே போகும். உடம்புல ஒட்டிக்கிட்டு தொடர்ந்து சுகர் பாக்குற சில பழைய சிஜிஎம் சென்சார்லயே பாரசிட்டமால் போட்டா சுகர் அதிகமா காட்டும், இதே கோளாறு தான். மெட்ஃபார்மின் மாதிரி சிலது சாதா கார்பன்ல லேசுல சிக்னலே தராது, காப்பர் அது இதுன்னு பூசி தான் பாக்கணும்.

மாத்திரைல மருந்து அளவு சரியா இருக்கான்னு பாக்க இந்த சென்சார் சூப்பர், அதுல மருந்து மில்லிகிராம் கணக்குல இருக்கே. ஆத்துத் தண்ணிக்கு இப்போதைக்கு மொதல்ல ஒரு தோராயம் பாக்கலாம், கன்ஃபர்ம் பண்ண எல்சி-எம்எஸ் (கலவைய பிரிச்சு, எடைய வச்சு எந்த மருந்துன்னு கண்டுபிடிக்கிற மெஷின்) உள்ள லேபுக்கு தான் போகணும்.