ஆச்சி, அந்தத் தூக்க மாத்திரை எதற்கு?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகளில் மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள். பிரஷர், சுகர் மாத்திரைகளோடு பல வீடுகளில் ஒரு அல்பிரசோலம் அட்டையும் கிடக்கும். "அது தூக்கத்துக்கு தம்பி, பாயிண்ட் டூ ஃபைவ்தான்" என்பார் ஆச்சி, 0.25 மில்லிகிராம் என்ற அளவைச் சொல்லி. எப்போதிருந்து என்று கேட்டால், செட்டியார் தவறிய வருஷத்திலிருந்து.

துக்கத்தில் நாலு நாள் தூங்கட்டும் என்று டாக்டர் எழுதியதில் தப்பே இல்லை. இந்த வகை மாத்திரை பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரத்துக்குத்தான். அப்புறம் நிறுத்தச் சொல்ல ஆள் இல்லை. மகன் சிங்கப்பூரில், மகள் சென்னையில். அல்பிரசோலம், டயஸிபாம், ஸோல்பிடெம் ஆகிய மாத்திரைகள் எல்லாம் 2014 முதல், கட்டுப்பாட்டோடு விற்க வேண்டிய மருந்துகளின் ஹெச்-1 அட்டவணையில் இருக்கின்றன. டாக்டர் சீட்டு வேண்டும், யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். நடப்பிலோ, மடித்து மடித்துக் கிழிந்த பழைய சீட்டே போதும். சில மெடிக்கலில் ஒரு போன் போதும்.

"ஒரு நா போடலைன்னா பொட்டுத் தூக்கமில்ல, அப்ப வேணும்தானே?" இந்த இடத்தில்தான் எல்லாரும் வாயடைத்துப் போகிறோம். மாத்திரைக்குப் பழகிய மூளை, அது கிடைக்காத இரவில் முன்பைவிட அதிகமாக முழித்துக்கொள்ளும். படபடப்பு, கை நடுக்கமும் வரும். மருந்து செய்கிற வேலை இது. பழி பழைய நோய்மேல் விழுகிறது. அதற்காக நாளைக்கே அட்டையைத் தூக்கி எறியாதீர்கள். ரொம்ப நாள் போட்டதைச் சட்டென்று விட்டால் வலிப்புகூட வரலாம். டாக்டர் சொல்படி வாரக்கணக்கில், தேவைப்பட்டால் மாதக்கணக்கில் குறைக்க வேண்டும்.

எனக்கு இதைவிடப் பயம் நம் வீடுகளை நினைத்துத்தான். நடுராத்திரி மாத்திரைக் கிறக்கத்தோடு எழுந்து, வளவை (நடுமுற்றத்தை) சுற்றி, வீட்டின் இரண்டாங்கட்டு நிலைப்படி தாண்டிக் கொல்லைக்குப் போகவேண்டும். காலடியில் தேய்ந்து வழவழத்த ஆத்தங்குடித் தரைக்கல். வயதானவர்கள் விழுவதையும் இடுப்பெலும்பு முறிவதையும் இந்த மாத்திரைகள் கூட்டும். விழுந்தபின் "பிரஷர் கூடி மயங்கிட்டாக" என்று முடித்துவிடுவோம்.

இன்னொன்று. ஏழு மணிக்கே பலகாரம் சாப்பிட்டு எட்டரைக்குப் படுத்தால், இரண்டரைக்கு முழிப்பு வரத்தானே செய்யும்? ஆறு மணி நேரம் தூங்கியாகிவிட்டதே! அதற்கும் ஒரு மாத்திரையா?

வீட்டில் கேமரா மாட்டிவிட்டு அமெரிக்காவிலிருந்து பார்க்கிற பிள்ளைகளே, அடுத்த படைப்புக்கு (முன்னோருக்குப் படைக்கும் குடும்ப வழிபாட்டுக்கு) வரும்போது ஆச்சியை டாக்டரிடம் கூட்டிப்போய், இது இன்னும் வேண்டுமா, எப்படிக் குறைப்பது என்று கேளுங்கள். மனநல டாக்டர் என்றால் "எனக்கென்ன பைத்தியமா?" என்று கோபப்படுவார். அப்படியானால் முதலில் 14416-க்குப் போன் போடுங்கள். அரசின் டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசி சேவை, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.