முதுகில் எழுதிய பெயர்

கொரோனா காலத்து பிபிஇ கிட்டை, அதாவது தலை முதல் கால் வரை மூடும் பாதுகாப்பு உடையைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் வியர்வையில் ஆரம்பித்து வியர்வையிலேயே முடித்துவிடுகிறார்கள். வியர்த்தது உண்மைதான். 2020 மே மாத வெயில், ஏசி போடக் கூடாது என்று உத்தரவு, கையுறையைக் கழற்றினால் தண்ணீராகக் கொட்டும். ஆனால் லேபர் வார்டில் நர்ஸாக இருந்த எனக்கு அது பெரிய கஷ்டமே இல்லை.

பிரசவம் பார்ப்பவளுக்குக் கைதான் கண். கர்ப்பப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது என்று இரண்டு விரல்தான் சொல்ல வேண்டும். அந்த விரலுக்கு மேல் இரண்டு அடுக்கு கையுறை. தலையுறை காதையும் சேர்த்து மூடியதால் ஸ்டெத் வைக்க வழியில்லை. வயிற்றில் வைத்தால் துடிப்பை ஒலியாகக் கேட்கவைக்கும் டாப்ளர் கருவி மட்டும் இல்லையென்றால் குழந்தையின் துடிப்பைக் கேட்டிருக்கவே முடியாது. தையல் போடும்போது கண்ணாடியில் ஆவி படிந்துவிடும். தலையைச் சாய்த்து, ஆவி படியாத ஒரு மூலை வழியாகப் பார்த்துத்தான் ஊசியைக் குத்துவேன்.

உள்ளே போனால் ஆறு மணி நேரம் தண்ணீர் இல்லை, பாத்ரூம் இல்லை. மாதவிலக்கு நாட்களிலும் அப்படித்தான். பெரியவர்களுக்கான டயப்பர் கட்டிக்கொண்டு டியூட்டிக்குப் போனவர்கள் எங்களில் உண்டு. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, கேட்கிறவர்களுக்குத்தான் சங்கடம்.

அப்புறம் அளவு. நான் ஐந்தடி. கிடைத்த கிட்டில் கவட்டை முழங்காலில் தொங்கியது. இடுப்பைச் சுற்றிப் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு நடந்தேன். அந்த வருஷம் திருப்பூரில் பனியன் தைத்த கம்பெனிகள்கூட கிட் தைத்தன. கைக்குழந்தை சட்டை முதல் வெள்ளைக்காரன் டி-ஷர்ட் வரை தைக்கும் ஊருக்கா அளவு தெரியாது? ஆர்டர் கொடுத்தவர்களுக்கு, இதைப் போடப்போவது பெரும்பாலும் பெண்கள் என்ற நினைப்பே வரவில்லை. 2020-ஐ உலக சுகாதார நிறுவனம் செவிலியர், பேறுகால உதவியாளர் ஆண்டாக அறிவித்திருந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மாஸ்க்கைத் தாண்டிக் குரல் போகாது. "மூச்சை அடக்கி முக்கும்மா" என்பதைக் கத்தித்தான் சொல்ல வேண்டும். சாதாரண நாளிலேயே லேபர் வார்டு சிஸ்டர் என்றால் கத்துவாள் என்று பெயர் (பொய்யும் இல்லை). ஆனால் மற்ற நாளில் கத்திவிட்டுச் சிரிப்போம், அதில் பாதி பயம் போய்விடும். பிரசவத் துணைக்கு அம்மாவோ மாமியாரோ உள்ளே வருவதும் அப்போது நின்றுபோயிருந்தது.

பாசிட்டிவ் என்று வந்த ஒரு பெண், தலைப்பிரசவம், நாலு மணி நேரமாக என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நடுவில் கேட்டாள்: "சிஸ்டர், காலையிலேர்ந்து நீங்க ஒருத்தர்தானா, மாறி மாறி வர்றீங்களா?"

எங்களுக்குள் ஆள் தெரிய முதுகில் மார்க்கரால் பெயர் எழுதிக்கொள்வோம். படுத்திருப்பவள் முதுகையா பார்ப்பாள்? மறுநாள் நெஞ்சில் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டு போனேன். இன்சார்ஜ் சிஸ்டர் பார்த்துவிட்டு, "என்னம்மா, எலெக்‌ஷன்ல நிக்கிறியா?" என்றார்.

அதற்கடுத்த நாள் மார்க்கரை என்னிடம்தான் கேட்டு வாங்கினார்.